நாற்பத்தோராவது கோடு

ஹற்றன் பஸ் தரிப்பிடத்துக்கு
நகரசபை போட்ட புதுக் கூரை பச்சை நிறம்.
கீழே பன்னிரண்டு இருக்கைகள்.
மழை நாளிலும் பதினொன்று காலி.
ஒன்றில் நாய்.

"ஏன் யாரும் உட்காருவதில்லை?"
எங்களுக்குத் தந்த தாளில் இந்த ஒற்றை வரிதான்.
ஆறு வாரம். மூன்று பேர்:
நான், பஸ்மிலா, இந்துனில்.

முதல் நாளே என்னிடம் விடை இருந்தது.
இரும்பு குளிரும், மரப்பலகை போட்டால் சரி.
படமும் வரைந்துவிட்டேன்,
சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் ஒரு குடும்பத்தோடு.
இந்துனில் பார்த்துவிட்டு
"இவங்க எந்த ஊர்?" என்றான்.

பிறகுதான் பார்க்கப் போனோம்.
பார்ப்பதென்றால் வாயை மூடிக்கொண்டு நிற்பது,
மருந்துக்கடைத் தாழ்வாரத்தில்,
மடக்கிய குடையும் நனைந்த கொப்பியுமாக.
நிற்கிறவருக்கு ஒரு கோடு.
உட்காருகிறவருக்கு ஒரு வட்டம்.
ஐந்தாம் நாள் பொழுது சாய
கோடுகள் இருநூற்றுப் பன்னிரண்டு,
வட்டங்கள் நான்கு.
அதிலும் ஒருவர் செருப்பு வார் அறுந்து உட்கார்ந்தவர்.

கேட்டும் பார்த்தோம்.
"கதிரை நல்லாத்தான் இருக்கு" என்றார்கள்,
மாவு மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு,
எங்களைப் பார்க்காமல்.
எங்களைப் பார்க்காமல் எதைப் பார்க்கிறார்கள் என்று
ஒன்பதாம் நாள் பஸ்மிலா குறித்தாள்:
எல்லாக் கண்ணும் வளைவில்.

கூரை வளைவுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது.
உட்கார்ந்தால் எதிரே தெரிவது
நகைக்கடை விளம்பரத்தில் ஒரு பெண்ணின் காது.
பொகவந்தலாவை பஸ் பின்னாலிருந்து வரும்,
நாற்பது விநாடி நிற்கும்.
எழுந்து திரும்புவதற்குள் மிதிபலகை நிறைந்துவிடும்.
கடைசி பஸ்ஸை விட்டால்
அன்றைய பேர் முழுதும் ஓட்டோவுக்கு.

அன்றிரவு பஸ்மிலாவின் கொப்பியைப் பிரதியெடுத்தேன்.
மூன்றாம் நாள், ஐந்து பத்து, கடும் மழை.
நாற்பத்தொன்று: பெண், நீலப் பை.
பன்னிரண்டு நிமிடம் கூரைக்கு வெளியே.
உட்காரவில்லை.

நீலப் பை என்னுடையது.
என் முறை முடிந்து
நோர்வூட் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன்.
மரப்பலகை வரைந்த தாள்
அந்தப் பைக்குள் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

கூரையைத் திருப்பக் காசில்லை.
பழைய இரும்புக் கடையில்
லொறிக் கண்ணாடி ஒன்று, குவிந்தது, ஓரத்தில் கீறல்,
எண்ணூறு ரூபாய்.
இந்துனில் கட்டுக்கம்பியால் தூணில் கட்டினான்.
வளைவு முழுதும்
ஒரு ரொட்டி அளவுக்குள் வந்து இறங்கியது.
அன்றைக்கு வட்டங்கள் பத்தொன்பது!
மூன்று பிளேன்டீ, ஒரு பருப்பு வடையை மூன்றாகப் பிய்த்து.

மறுநாள் நாலரைக்குப் பனிமூட்டம்.
கண்ணாடி வெள்ளையாய்ப் போயிற்று.
உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராய் எழுந்தார்கள்.
எங்கள் ஊர் மலையில்தான் இருக்கிறது என்பதை
நாங்கள் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

எண்ணெய் பூசலாமா, தகரத்தால் மறைக்கலாமா என்று
இரண்டு இரவு சண்டை.
வெள்ளிக்கிழமை போனால்
தூணில் ஓர் ஆணி. எங்களுடையதல்ல.
ஆணியில் பழைய பாடசாலைச் சட்டையின் கை.
ஒருவர் வந்தார். எடுத்தார், துடைத்தார்,
வளைவைப் பார்த்தார், மாட்டினார்,
உட்கார்ந்தார்.
அது முன்பிருந்தே அங்கிருப்பது போல.

யார் அடித்த ஆணி?
மருந்துக்கடைக்காரருக்குத் தெரியாது.
மூட்டைக்காரர் "ஏன், கழட்டணுமா?" என்றார்.

அறிக்கையில் 'வடிவமைத்தோர்' என்ற இடத்தில்
மூன்று பெயர் எழுதி,
நாலாவதுக்கு ஒரு கோடு போட்டோம்.
பெயர் பூரணமில்லை என்று இரண்டு புள்ளி வெட்டினார்கள்.

நேற்று அந்தப் பக்கம் போனேன்.
துணி மாறியிருக்கிறது, சிவப்புப் பூப்போட்டது.
நாய் மூன்றாவது இருக்கைக்குப் போய்விட்டது.
எண்ணலாமென்று கொப்பியைத் திறந்தேன்,
கண்ணாடிக்குள் நோர்வூட் பஸ் திரும்பியது.